உட்காராத யுவராணி

தட்டை இடது உள்ளங்கையில் ஏந்தி, சுவரில் ஒரு தோளைச் சாய்த்து, நின்றபடியே சாப்பிடுகிறார் யுவராணி. களியில் ஒரு விள்ளல் எடுத்துக் கீரைக் கடைசலில் புரட்டி, மெல்லாமல் விழுங்குகிறார். மதியக் கூட்டம் போய்விட்டது. கடையின் இரண்டு பெஞ்சுகளும் காலியாகக் கிடக்கின்றன. மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி யாருக்காகவோ காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது. அவர் அதைப் பார்ப்பதுகூட இல்லை.

"குந்திச் சாப்புட்டா என்னாக்கா?" என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "நான் குந்துனா அடுப்பும் குந்திக்கும்."

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குத் திரும்பும் தெருவில் இருக்கிறது அந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. கர்நாடகத்திலிருந்து வரும் லாரி டிரைவர்கள் வாசலில் நின்று தலையை நீட்டினால், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே "முத்தே பேக்கா?" என்று கேட்பார். களி உருண்டைக்கு அவர்கள் ஊரில் முத்தே என்று பெயர். மற்றவர்களுக்குக் களி, கீரை, மொச்சைக்கொட்டைக் குழம்பு. புதன்கிழமை கருவாடு. களி நன்றாக இருக்கும். குழம்பைப் பற்றி நான் அப்படிச் சொல்லமாட்டேன். புளி எப்போதும் ஒரு அடி முன்னால் நிற்கும்.

முன்பெல்லாம் இங்கே சாப்பிட வந்தவர்கள் மூட்டை தூக்குகிறவர்களும் டிரைவர்களும்தான். சில வருடங்களாக இன்னொரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. தாலுகா ஆபீஸ், பேங்க், பள்ளிக்கூடம் என்று உட்கார்ந்து வேலை பார்க்கும், நாற்பதைத் தாண்டிய, சர்க்கரை வந்த ஆட்கள். நானும் அதில் ஒருவன். "அரிசிய வுட்டாச்சு" என்று ஒருவருக்கொருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இரண்டாவது உருண்டை கேட்போம். கேழ்வரகில் இருப்பதும் மாவுதான் என்பது எங்கள் யாருக்கும் தெரியாத விஷயமல்ல. ஆனாலும் அது நம்ம ஊர் மாவு, நம்மை ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை. யுவராணி இதை வெகுநாளாகக் கவனித்து வருகிறார். "மூட்ட தூக்கறவன் ஒரு உருண்டையோட கை கழுவிருவான். சர்க்கரக்காரங்கதாங்க நல்லா சாப்புடறீங்க" என்பார். திட்டுகிறாரா, நன்றி சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

அவர் களி கிண்டுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நொய் வெந்து கொதிக்கும் தண்ணீரில் மாவை மலை போலக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி போட்டு, மூடி வைத்துவிடுவார். பிறகு மூடியைத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்தால், மாவு ஒரே உடம்பாகச் சேரும் வரை நிறுத்துவதில்லை. கொஞ்சம் தயங்கினாலும் கட்டி தட்டிவிடும். அண்டா ஆடாமலிருக்க அடுப்பு மேடையோடு சேர்த்து ஓர் இரும்பு வளையம் பதித்திருக்கிறார்கள். அந்த வளையமே சில நேரம் முனகும். மண்டியில் எடை போடும் ராஜப்பன், கடைக்கு வருகிறவர்களில் வாய் அதிகம் உள்ளவர், ஒரு நாள் விளையாட்டுக்கு அவரோடு மேசையில் கை மடக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு "அக்காகிட்ட கையக் குடுத்தா திருப்பி வாங்கறது கஷ்டம்பா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வயது நாற்பத்தெட்டு. எடை எண்பதுக்கு மேல். இப்படிப்பட்ட ஒரு பெண் உட்காராமல் இருப்பதை ஊர் உழைப்பு என்று புரிந்துகொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாலையில் அவர் மினி லாரியின் பின்பலகையில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, மண்டிக்காரர்களோடு வெகுநேரம் கதை பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இன்னொரு நாள் தண்ணீர்த் தொட்டியின் உயரமான சுவரில். ஆக, இவருக்கு உட்காரத் தெரிகிறது. உயரமான இடத்தில் மட்டும். தாழ்வான எதிலும் உட்காருவதில்லை. தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் பெண்கள் எல்லாம் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தபோது, இவர் மட்டும் குண்டானைத் தூக்கிக்கொண்டு பரிமாறக் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு இந்தக் கேள்வி விடவில்லை.

மழை கொட்டிய ஒரு மதியத்தில், கடையில் வேறு யாரும் இல்லாதபோது கேட்டே விட்டேன். யுவராணி சிரிக்க ஆரம்பித்தார்.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுங்க சார். ரெண்டு வருசத்துக்கு முந்தி மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு சாவு. எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணுவுட்ட பெரியம்மா. எனக்கு அந்தம்மா மூஞ்சி கூட சரியா நெனவில்ல. பொம்பளைங்க வட்டமா குந்தியிருந்தாங்க, நானும் போயி குந்திட்டேன். செத்த நேரம் போயி எல்லாரும் எந்திரிச்சாங்க. நானும் எந்திரிக்கலாம்னு பாக்கறேன், இடுப்புக்குக் கீழ ஆளே இல்ல. மரத்துப் போவல, வலியும் இல்ல. எந்திரின்னு சொன்னா கேக்க மாட்டேங்குது. சரி, கைய ஊனிப் பாக்கலாம்னா பக்கத்துல பொணம்."

"அப்புறம்?"

"அப்பறம் என்னா, அழுதேன். ஓங்கி அழுதேன். வர்றவங்க எல்லாம் என்னையக் கட்டிப் புடிச்சி அழுதுட்டு அவங்கபாட்டுக்கு எந்திரிச்சிப் போறாங்க. நான் மட்டும் அதே எடத்துல. பொணத்தத் தூக்கற நேரத்துல ரெண்டு பேரு வந்து, 'போதும் அக்கா, உடம்பக் கெடுத்துக்காத'ன்னு ரெண்டு கக்கத்துலயும் கை குடுத்துத் தூக்கி வுட்டாங்க. பெத்த புள்ளைங்க கூட இப்பிடி அழுவலன்னு ஊரே பேசுச்சி. காரியத்துக்குப் போனா எனக்குன்னு தனியா ஒரு பொடவ எடுத்து வெச்சிருக்காங்க. அத இன்னும் கட்டலங்க. கூச்சமா இருக்குது."

அதிலிருந்து தரையிலோ தாழ்வான எதிலுமோ உட்காருவதில்லை என்று முடிவெடுத்தார். யோசித்துப் பார்த்தால், அவர் தரையில் உட்கார்ந்து எழ வேண்டிய அவசியமே வெகுகாலமாக இருந்ததில்லை. கடை வைத்ததிலிருந்து அடுப்பு மேடைமேல் இருக்கிறது, அம்மிக்குப் பதிலாக மிக்சி இருக்கிறது, வீட்டிலே கட்டில் இருக்கிறது. நாள் முழுக்க நின்ற இடத்தில் நிற்கிற வேலை. கைக்குத்தான் எல்லா உழைப்பும். உடம்பு நம்முடையது என்று சொல்லிக்கொள்கிறோம். அதில் எந்தப் பகுதி எப்போது நம்மை விட்டுப் போனது என்பது தெரிவதில்லை. நான் வாசிக்கும் புத்தகங்களில் உடம்பையும் மனதையும் பற்றி நிறைய இருக்கிறது. தொடையைப் பற்றி ஒன்றும் இல்லை.

இதற்கிடையே சர்க்கரை. யுவராணியின் அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஐம்பதை ஒட்டியே வந்தது. அக்காவுக்கு இப்போது ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. அதனால் வீடு தேடி வந்து விரலில் குத்திப் பார்க்கிறவர்கள் தெருமுனையில் தெரிந்தாலே இவர் அண்டாவின் மூடியைத் திறந்து ஆவிக்குள் மறைந்துகொள்வார். மகள் மணிமேகலைக்கு வரன் பார்க்க ஆரம்பித்த பிறகுதான், தள்ளிப் போட முடியாமல் ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தார். இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்கிற மாதிரிச் சொன்னார்கள். "பார்டர்ல இருக்குதாம். எடையக் கொறைங்கன்னாங்க" என்றார் வந்து.

எடையைக் குறை என்றால் அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. சாப்பாட்டை நிறுத்திவிட்டார். காலையில் மோர், மதியம் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர், ராத்திரி ஏதோ கொஞ்சம். தான் கிண்டிய களியைத் தானே தொடவில்லை. இரண்டே மாதத்தில் ஜாக்கெட் தளர்ந்தது. கடைக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். அப்போது கடையில் மிகவும் சந்தோஷப்பட்டவர் அவருடைய கணவர் சென்றாயன்.

சென்றாயனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியில் பாதிதான் இருப்பார். முன்பு மினி லாரி ஓட்டினார். நான்கைந்து வருடங்களுக்கு முன் சர்க்கரை வந்ததும் அதை விட்டுவிட்டுக் கடையின் கல்லாவில் உட்கார்ந்தார். இப்போது ஐம்பத்து மூன்று வயது. ஊருக்கு அவர் ஓர் அதிசயம். "இந்த ஒடம்புக்கா சர்க்கர?" என்று கேட்பார்கள். அவரும் அதை ஒரு பட்டம் போல ஏற்றுக்கொண்டார். மாத்திரையைத் தவறவிட மாட்டார், அரை உருண்டைக்கு மேல் சாப்பிட மாட்டார். "கல்யாணத்துக்குத் தச்ச பேண்ட்டு இப்பவும் எனக்கு லூசு தெரியுமா?" என்பார். சர்க்கரை வந்த பிறகு அவருடைய இடுப்புப் பட்டையில் ஆணி வைத்துப் புதிய ஓட்டைகள் போட்டார்கள். அதையும் அவர் வெற்றியாகத்தான் எண்ணினார். நாற்காலியை விட்டு எழும்போது இரண்டு கையாலும் கல்லா மேசையைப் பிடித்துக்கொள்வார். அதை யாரும் கவனிப்பதில்லை. ஒல்லியாக இருப்பவரை யார் கவனிக்கப் போகிறார்கள்?

"எங்க ரெண்டு பேரு எடையையும் கூட்டி ரெண்டால வகுத்தா, ரெண்டு பேருமே நார்மலு" என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை.

"மொதல்ல ஒரு முழு உருண்ட சாப்புடுங்க. அப்பறம் வகுக்கலாம்" என்பார் யுவராணி.

அடுத்த பரிசோதனையில் எடை நன்றாகக் குறைந்திருந்தது. சர்க்கரை நின்ற இடத்திலேயே நின்றது. அந்த வாரத்தில்தான் களியில் கட்டி தட்ட ஆரம்பித்தது. முதலில் யாரும் சொல்லவில்லை. பிறகு ராஜப்பன் விரலால் ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து, "என்னாக்கா, உள்ள எடைக் கல்லு போட்டிருக்கற?" என்றார். யுவராணி துடுப்பை விட்டார், தலையைப் பிடித்துக்கொண்டார், அப்படியே பின்னால் வந்து அந்தச் சிவப்பு நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

அன்று கடையில் அம்பிகா இருந்தார். சித்தேரி மலையைச் சேர்ந்த பெண், பிசியோதெரபி படித்தவர். பக்கத்துத் தெருவில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒருவருக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வருவார். முடிந்ததும் இங்கே சாப்பிட்டுவிட்டுப் போவார். அதிகம் பேசமாட்டார். தண்ணீர் கொடுத்து, நாடி பார்த்து, வெல்லம் போட்ட மோர் குடிக்க வைத்தார். மயக்கம் தெளிந்தது. சுற்றி நின்றவர்கள் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். யுவராணி மட்டும் நாற்காலியிலேயே இருந்தார். கீழே எதையோ தேடுகிறவர் போல முந்தானையை நீவிக்கொண்டிருந்தார்.

அம்பிகா சிறிது நேரம் பார்த்தார். "அக்கா, கைய ரெண்டையும் மார்ல கட்டிக்கிட்டு எந்திரிங்க பாக்கலாம்."

யுவராணி கைகளைக் கட்டினார். முன்னால் சாய்ந்தார். நாற்காலி கொஞ்சம் அசைந்தது. அவர் அசையவில்லை. இன்னொரு முறை. முகம் சிவந்ததே தவிர, உடம்பு மேலே வரவில்லை.

"என் கைய முறிச்ச ஆளா இது?" என்று ராஜப்பன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

"பட்டினி கெடந்தா கொழுப்பு மட்டும் போவாதுங்கக்கா. சதையும் கூடவே போயிரும்" என்றார் அம்பிகா. "திங்கற சோத்துல வர்ற சர்க்கர எங்க போவும்? சதைக்குத்தான் போவணும். ஒடம்புலயே பெரிய சதை தொடையிலதான் இருக்குது. அங்க வலு இல்லன்னா சர்க்கர ரத்தத்துலயே சுத்திக்கிட்டுக் கெடக்கும். எடையும் ஒரு காரணம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா எடைய மட்டும் பாத்தா பத்தாது."

ராஜப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு அவருக்குப் பிடிபட்டது. "அட, நம்ம மண்டி மாதிரிதான? லோடு வந்து நிக்குது, எறக்க ஆளு இல்ல. ரோடு பூரா லாரி. லாரியத் திட்டி என்னா பண்றது?"

"கிட்டத்தட்ட அப்பிடித்தாங்கண்ணா" என்று அம்பிகா ஒத்துக்கொண்டார். உதாரணம் அவருக்கு முழுக்கத் திருப்தியில்லை என்று தோன்றியது. கை கழுவிவிட்டு, கல்லாவில் இருந்தவரையும் பார்த்துச் சொன்னார். "நீங்களும் ஒருக்கா எந்திரிச்சுப் பாருங்கண்ணா, கைய ஊனாம."

"எனக்கு எதுக்கும்மா?" என்றார் சென்றாயன், உண்மையான ஆச்சரியத்தோடு. "நாந்தான் ஒல்லியா இருக்கறேனே. எக்சசைஸு எல்லாம் குண்டா இருக்கறவங்களுக்கு."

மறுநாளிலிருந்து கடையின் பின்பக்கம் தக்காளி கிரேட்டுகள் வந்து சேர்ந்தன. மண்டியில் தக்காளி நிரப்பும் பிளாஸ்டிக் பெட்டிகள். ராஜப்பன் கொண்டுவந்து, கவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் ஒரு கோணிப்பை போட்டார். இதுதான் அம்பிகா சொன்ன வைத்தியம். உயரத்தில் உட்கார், கையை ஊன்றாமல் எழு. அது சுலபமானதும் ஒரு கிரேட்டை எடுத்துவிடு. கூடவே, ஒரு உருண்டை களியை மறுபடி தட்டில் வை. பக்கத்தில் முட்டையோ மொச்சையோ கொள்ளோ நிறைய இருக்கட்டும்.

மாவு வேகும் நேரத்தில் யுவராணி உட்கார்ந்து எழுவார். நாங்கள் சாப்பிடும் இடத்திலிருந்து பார்த்தால், பின்வாசல் வழியாக ஒரு தலை மறைவதும் தோன்றுவதும் தெரியும். பெஞ்சிலிருந்தபடியே ஆளாளுக்கு விமர்சனம் செய்வார்கள்.

"அக்கா, பஸ்ஸுல ஏறி எறங்கற மாதிரி இருக்குது."

"நீ ஒருக்கா வந்து ஏறிப் பாருடா. தொப்பைய வெளிய வெச்சிட்டு வா."

வந்து ஏறிப் பார்த்தவர்களும் உண்டு. பேங்க்கில் வேலை பார்ப்பவர் ஒருவர் ஒரு கிரேட் உயரத்தில் உட்கார்ந்துவிட்டு, செல்போனில் ஏதோ முக்கியமான செய்தி வந்தது போல வெகுநேரம் அங்கேயே இருந்தார். நானும் முயன்றேன். முடிவைச் சொல்லப் போவதில்லை.

தக்காளி விலை சரிந்த மாதங்களில் கிரேட்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. விலை ஏறியதும் மண்டிக்காரர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். யுவராணி மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து பழகினார். மூட்டை தினமும் இளைத்தது. "கிரேட்டுன்னா நாம எடுத்தாத்தான் கொறையும். இது தன்னால எறங்குதுங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். சில நாள் முட்டி வலித்து விட்டுவிடுவார். அம்பிகா வரும் நாளில் மறுபடி ஆரம்பிப்பார். இதில் பெரிய உறுதி, வைராக்கியம் என்றெல்லாம் சொல்ல நான் தயாரில்லை. அவருக்குப் பயம் இருந்தது. பயம் என்ன செய்யுமோ அதைச் செய்தது.

பயத்துக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. மணிமேகலைக்குப் பென்னாகரம் பக்கத்தில் வரன் அமைந்து, தை மாதம் முகூர்த்தம். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது பெற்றவர்கள் இருவரும் மணையில் உட்கார வேண்டும். மணை என்பது ஒரு பலகை. தரைக்கு மேல் நாலு விரல் உயரம்.

"மண்டபத்துல சேர் போடச் சொல்லிரலாம்மா. இப்ப எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்க" என்றாள் மணிமேகலை.

"வேணாம்டி. சேர் போட்டா அந்தம்மாவுக்குக் கால்ல என்னான்னு கேப்பாங்க. சர்க்கரையான்னு கேப்பாங்க. அம்மாவுக்கு, ஆயாவுக்கு, பெரியம்மாவுக்குன்னு ஒவ்வொண்ணா நோண்டி எடுப்பாங்க. அப்பறம் எல்லாக் கண்ணும் உன் மேல திரும்பும். நாளைக்கு உனக்குத் தலவலி வந்தாக்கூட, அது எங்க வூட்டுச் சீருன்னு சொல்லுவாங்க."

"சொன்னா சொல்லட்டும்."

"நீ சொல்லுவ. அங்க போயி இருக்கப் போறவ நீதான?"

கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த சென்றாயன் நிமிர்ந்தார். "உங்கம்மா எந்திரிக்க முடியலன்னா நான் கை குடுக்கறேன். எதுக்கு இவ்ளோ பேச்சு?"

யுவராணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் புடிச்சா உங்க கை என்னோட வந்துரும்."

மார்கழியில் இன்னொரு முறை ரத்தம் கொடுத்தார். சர்க்கரை சற்றே இறங்கியிருந்தது. எடை, பட்டினி கிடந்த நாட்களைவிடக் கொஞ்சம் ஏறியே இருந்தது. அம்பிகா கொண்டாடவில்லை. "இறங்கியிருக்குதுங்க. வுட்டா ஏறிரும்" என்று மட்டும் சொன்னார். களியில் கட்டி தட்டுவது எப்போதோ நின்றுவிட்டது. விலை மறுபடி சரிந்து திரும்பி வந்த கிரேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டதில், கடையின் பின்பக்கம் ஒரே ஒரு கிரேட் மிஞ்சியிருந்தது. பிறகு அதையும் காணவில்லை. கோணிப்பை மட்டும் தரையில் விரித்திருந்தது. அதிலிருந்து எழும்போது மட்டும் அவருடைய இடது கை சுவரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. தை பிறந்தபோதும் அந்தக் கை சுவரை விடவில்லை.

கல்யாணம் பென்னாகரத்தில் ஒரு மண்டபத்தில். காலை முகூர்த்தம். கடையில் சாப்பிடும் நாங்கள் நான்கைந்து பேர் முன்வரிசைக்குப் பின்னால் இடம் பிடித்திருந்தோம். ராஜப்பன் வெள்ளைச் சட்டையில் அடையாளம் தெரியாமல் இருந்தார். மேடையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு பக்கமாக நெருக்கி நின்று, நடப்பதை எல்லாம் அளந்துகொண்டிருந்தார்கள். மேடையின் நடுவில், மணைக்குப் பக்கத்தில் சுவர் கிடையாது, தூண் கிடையாது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

ஐயர் கூப்பிட்டார். யுவராணி அரக்கு நிறப் பட்டுப் புடவையைக் கொசுவத்தோடு அள்ளிக்கொண்டு மெதுவாக மணையில் இறங்கினார். பக்கத்து மணையில் சென்றாயன், பட்டு வேட்டியில் இன்னும் மெலிந்து, சட்டென்று அமர்ந்தார். மகளின் கையை மாப்பிள்ளையின் கைமேல் வைத்து, சொம்பிலிருந்து தண்ணீர் வார்த்தார்கள். மந்திரம் நீண்டது. யுவராணியின் உதடுகள் அசைந்தன. வேண்டுதலா, எழுவதற்கான ஒத்திகையா, தெரியவில்லை.

"ஆச்சு. பொண்ணப் பெத்தவங்க எந்திரிக்கலாம்."

அவர் இடது காலை முன்னால் ஊன்றினார். தலையை முட்டிக்கு மேலாகக் கொண்டுவந்தார். இடது கை காற்றில் ஒரு சுவரைத் தேடியது, அங்கே எதுவும் இல்லாததால் திரும்பி வந்து புடவையைப் பிடித்துக்கொண்டது. ராஜப்பன் என் தொடையை அழுத்திப் பிடித்ததை நான் பிறகுதான் உணர்ந்தேன். ஒரு நொடி அந்த உடம்பு பாதி வழியில் நின்றது. பிறகு மேலே வந்தது. நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எதையும் கவனிக்கவில்லை. கவனிக்க ஒன்றும் நடக்கவில்லையே.

யுவராணி கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

சென்றாயன் மணையிலேயே இருந்தார். வலது உள்ளங்கை பலகையின் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இடுப்பு ஒரு விரல் உயரம் எழும்பி, மறுபடி உட்கார்ந்தது. யாரும் பார்த்துவிடவில்லை என்பது போல அவர் குனிந்து, முன்னாலிருந்த தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்து, வெற்றிலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பு ஒரே பக்கமாக இருக்கும்படி அடுக்க ஆரம்பித்தார். மிகவும் அவசரமான வேலை போல. நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

மேளக்காரர்கள் ஐயரைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தார்.

யுவராணி கொசுவத்தை மறுபடி அள்ளினார். எழுந்த மணையிலேயே, கணவரின் தோளை ஒட்டி, மெதுவாக இறங்கி உட்கார்ந்தார்.

"ஆயிருச்சேம்மா, எந்திரிக்கலாம்" என்றார் ஐயர்.

"செத்த இருங்க சாமி" என்று சொல்லிவிட்டு, அவரும் தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார்.